ஏழு விநாடிக்குள் இறங்க வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட அவர் இரண்டு வயது சின்னவர். அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை; அவர் எதிரில் நிற்கும்போது எனக்கே ஞாபகம் இருப்பதில்லை. கம்ப்யூட்டரைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடத்துக்கு, இடுப்பில் ஐந்து மீட்டர் இரும்பு டேப்பைச் செருகிக்கொண்டு வேலைக்கு வருகிறவரை வேறெப்படித்தான் கூப்பிடுவது?

நாங்கள் செய்வது கார் பந்தய வீடியோ கேம். அதில் ஓடும் கார் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. கம்பெனிப் பெயரிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எல்லாம் நாங்களாக இட்டுக்கட்டியது. பந்தயப் பிரிவுகளும் அவற்றின் விதிகளும் மட்டும் நிஜம். எடை இதற்குக் கீழே போகக் கூடாது, பின்னிறக்கை, அதாவது காரின் வால் பக்கம் நிற்கும் பலகை, இதற்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்று நிஜப் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். 'கார் கற்பனை, விதி நிஜம்' என்பதுதான் எங்கள் விளம்பரமே. அந்த வாசகத்தை எழுதியவன் எவன் என்று தெரிந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். அதைக் காப்பாற்றத்தான் டேப் அக்காவை வேலைக்கு எடுத்தார்கள்.

அதற்கு முன் அவர் பதினாறு வருஷம் நிஜமான பந்தய மைதானத்தில் பரிசோதகர். போட்டிக்கு முன்னும் பின்னும் கார்களைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள். இவர் எடை பார்ப்பார், அளப்பார், குனிந்து அடியில் டார்ச் அடிப்பார், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாத கார் ஓடாது. ஜெயித்துவிட்டுக் கோப்பையோடு போட்டோவுக்கு நின்றவரைக் கூப்பிட்டு, உங்கள் கார் இரண்டு கிலோ குறைகிறது, கோப்பையைக் கீழே வையுங்கள் என்று சொன்னவராம். பிறகு அந்த மைதானத்தை விற்றுக் கிடங்கு கட்டிவிட்டார்கள். இவர் டேப்போடு எங்கள் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தார். எங்கள் நேரம்.

நான் கார் வரைகிறவன். ஒன்பது வருஷமாக அடுத்தவன் காருக்குச் சக்கரமும் பம்பரும் வரைந்துகொண்டிருந்தேன். முதல்முறையாக ஒரு முழுக் கார் என் கைக்கு வந்தது. கருவண்டு என்று பெயர் வைத்தேன். எட்டு மாதம் ஆனது. அதன் கூரை முன்கண்ணாடியிலிருந்து பின்னிறக்கை வரை ஒரே இழுப்பில் வழிந்து இறங்கும்; அந்த ஒரு கோட்டுக்காக மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்குக் கார் என்றாலே தலைவலி. அவளே பார்த்துவிட்டு, "இது நீங்க வரைஞ்சதா?" என்று கேட்டாள். பாராட்டா சந்தேகமா என்று நான் கிளறவில்லை.

அக்கா கிளறினார். பார்த்த முதல் நாளே, "இது எந்த ரோட்டு கார்லேர்ந்து வந்தது?" என்றார்.

"என் தலையிலேர்ந்து வந்ததுக்கா."

"இந்தப் பிரிவுல ரேஸ் கார்னா, ரோட்டுல விக்கிற காரை மாத்திக் கட்டினதா இருக்கணும். அந்த ரோட்டு கார் எங்க?"

இல்லாத காருக்கு, அதற்கும் முந்திய இல்லாத காரைக் காட்டச் சொல்கிறார். சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே. பதினோரு நாள் உட்கார்ந்து, டிக்கியும் நம்பர் பிளேட் விளக்கும் வைத்து, கேமில் யாரும் பார்க்கவே போகாத ஒரு ரோட்டு காரை வரைந்து கொடுத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், "டிக்கியில ஒரு பெட்டி வைக்கலாம், பரவாயில்ல," என்றார். அதோடு விட்டாரா? பின்னிறக்கை பன்னிரண்டு மில்லிமீட்டர் அதிகம். எடை ஒன்பது கிலோ குறைவு. பெட்ரோல் மூடியை நான் வைத்த இடத்தில் குழாய் நுழையாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்தபோது அவருடைய பட்டியலில் ஒரே ஒரு விதி பாக்கி நின்றது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்டால் கருவண்டு இந்த வருஷக் கேமில் பெரிய பிரிவில் ஓடும். போடாவிட்டால் இஷ்டப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, விதியே கிடையாது. அங்கே போன காரை யாரும் சீந்துவதில்லை. என் எட்டு மாதமும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

பாக்கி நின்ற விதி இதுதான்: பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் தன் பக்கத்துக் கதவு வழியாக ஏழு விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அக்கா, நம்ம கேம்ல காரை விட்டு இறங்க பட்டனே கிடையாது."

"தெரியும்."

"உள்ள ஆளும் கிடையாது. ஒரு ஹெல்மெட்டும் ரெண்டு கையும்தான் வரைஞ்சு வச்சிருக்கோம்."

"அதான் நானும் யோசிச்சேன். கால் உள்ள ஆளை வச்சுத்தான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை மீட்டிங் அறையில் கச்சேரி ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து, என் படத்தில் இருந்த அளவுக்குக் கதவும் கூரையும் வெட்டி, இரண்டு மேஜைகளுக்கு நடுவில் கட்டியிருந்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. உட்காருவதற்கு நிஜப் பந்தய கார் சீட் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. பள்ளி பஸ் ஓட்டுகிற அவர் கணவர் அதை நாலு மாடி தூக்கி வந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"நான் டிவி பாக்கிற சீட்டு சார் இது. சாயங்காலம் மறக்காம குடுத்தனுப்பிடுங்க."

"நீங்களாவது அக்காகிட்ட கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கறதுக்கு முன்னாடி, இடம் பத்துமான்னு பாக்க நானே சமையக்கட்டுல ஃபிரிட்ஜா நின்னிருக்கேன் சார். கதவு திறக்கிற மாதிரி கைய வேற நீட்டச் சொன்னா. பேசாம சொன்னதைச் செஞ்சிட்டு வேலையப் பாருங்க."

யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார்கள். பை வார்களைக் குறுக்கே போட்டு பெல்ட் என்றார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலைவெட்டி இல்லாத மொத்தக் கூட்டமும் நின்றது. அக்கா "ம்" என்றார். வாரைக் கழற்றினேன், கதவைத் தள்ளினேன், எழுந்தேன், நங்கென்று தலை கூரையில் மோதியது. குனிந்தால் முட்டி வழியை மறித்தது. முட்டியை எடுத்தால் தோள் மாட்டியது. வெளியே வந்து விழுந்தபோது பதினாறு விநாடி ஆகியிருந்தது. கூரையும் ஹெல்மெட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டாவது தடவை பதினாலு. மூன்றாவது தடவை தொடையில் சதை பிடித்துக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்து கத்தினேன்.

"தொந்தி என்னோடதுக்கா. காருக்கு ஒல்லியா ஒருத்தனைப் போடுங்க."

"தொந்தி எங்கயும் இடிக்கல. தலைதான் இடிக்குது. கூரையை நாலு சென்டிமீட்டர் தூக்கணும்."

நாலு சென்டிமீட்டர் தூக்கினால் அந்தக் கோடு செத்துப்போகும். வழிந்து இறங்குகிற கூரை, தொப்பி வைத்த மாதிரி துருத்தி நிற்கும். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நேரே முதலாளியிடம் போனேன். எங்கள் முதலாளிக்குச் சரி சார் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். நான் சொன்னதைக் கேட்டுச் சரி என்றார். பின்னாலேயே வந்து அக்கா சொன்னதற்கும் சரி என்றார். கையெழுத்து இல்லாமல் பெரிய பிரிவில் விட்டால் விளம்பரம் பொய்யாகிவிடும், அதனால் கையெழுத்து வாங்கிக்கொள் என்று என்னிடமே திருப்பிவிட்டார்.

அக்கா இந்த ஒரு விதியில் இத்தனை பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. மைதானத்தில் இவர் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று எரிந்ததாம், உள்ளே இருந்தவர் வெளியே வரவில்லையாம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை டீ எடுக்கிற இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"அங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்கக்கா. தெரிஞ்சா கோபப்படாம வேலையைப் பாப்பேன்."

அவர் விழித்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"பதினாறு வருஷத்துலயா?"

"மூணு கார் எரிஞ்சுது. மூணு பேரும் இறங்கி நடந்து வந்தாங்க. அதுல ஒருத்தர், கார் போச்சேன்னு எங்கிட்டயே வந்து கத்தினார். எப்படி இறங்கினீங்கன்னு கேட்டா அவருக்குச் சொல்லவே தெரியல. கதவு திறந்துச்சு, வந்துட்டேன்னார்." டீயை ஒரு வாய் குடித்தார். "அவ்வளவுதான். வேற கதையெல்லாம் இல்ல."

ஒரு சோகக் கதை இருந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. அவமானமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்து கூரையைத் தூக்கினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புது அட்டையில் ஆறே முக்கால் விநாடியில் வெளியே வந்து நின்றேன். எதுவும் இடிக்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

கேம் வெளிவந்தது. கருவண்டை நிறையப் பேர் ஓட்டினார்கள். ஓட்டியவர்களில் பாதிப்பேர், இவ்வளவு அழகான காருக்கு மண்டையை ஏன் இப்படி வைத்தீர்கள் என்று எழுதினார்கள். நான்கு மாதம் கழித்து சரி சார் என்னைக் கூப்பிட்டார். அடுத்த பதிப்பின் அட்டைப்படத்துக்குக் கருவண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

"ஒரே ஒரு விஷயம்," என்றார். "பழைய கூரையைப் போட்டுடு. கையெழுத்துதான் ஆயிடுச்சே, இனிமே அந்தத் தாளை யார் எடுத்துப் பாக்கப் போறா? படத்துலயும் கேம்லயும் நாலு சென்டிமீட்டர் இறக்கிட்டா முடிஞ்சுது. சாயங்காலம் குடுத்துடுவியா?"

அந்தக் கோட்டை நான் அழித்திருக்கவில்லை. தனியாக எடுத்து வைத்திருந்தேன். மாற்றுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முடியாது சார். தலை இடிக்கும்."

"யாருக்கு?"

"உள்ள இருக்கிறவனுக்கு."

"உள்ளதான் யாரும் இல்லையேப்பா."

"நான் இருந்திருக்கேன் சார்," என்றேன்.

வேறொருவன் கார் அட்டைப்படத்துக்குப் போனது. இந்த விஷயத்தை நான் டேப் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.