மூன்றாம் போர்டில் ஒரு சிடுமூஞ்சி

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் அக்கா. பழைய கதவுப் பூட்டுகளின் மின்னணு போர்டுகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் பெட்டி கட்டுகிறாள். ஒட்டிய சீட்டு ஒரு நூல் சாய்ந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டுவாள். அதே பட்டறையில் தன் தங்கை புரோகிராம் எழுதுவதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவைப்பாள்.

மின்சாரம் போனாலும் மறக்காத மெமரி ஒன்று அந்த போர்டுகளில் உண்டு. பழைய வீட்டுக்காரரின் ரகசிய எண் அதில்தான் ஒளிந்திருக்கும். போர்டில் மூன்று வகை, மெமரியில் மூன்று அளவு. ஒரே புரோகிராமால் மூன்றையும் துடைத்துக் காட்டினால் தங்கைக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

"அளவை நான் எழுதவே இல்லக்கா. புரோகிராமே அந்தந்த போர்டுகிட்ட கேட்டுக்கும்."

"துடைச்சது தெரியணும்னா முதல்ல அழுக்காக்கணும்டி" என்ற அக்கா, கணினி வழியாக மூன்று போர்டுகளின் நிலையான மெமரியையும் நேரடியாகக் கடைசி இடம் வரை 'சிடுமூஞ்சி' என்றே நிரப்பினாள். அது சூப்பர்வைசருக்குப் பட்டறை வைத்த பெயர்.

"அடிப்பாவி, துடைபடலேன்னா நான் செத்தேன்."

"துடைபடும்னு சொன்னவ நீதானே?"

சூப்பர்வைசர் வந்ததும் தங்கை புரோகிராமை ஓட்டித் துடைத்தாள். அவர் பார்த்தார். மூன்றும் சுத்தம். பேனாவைத் திறந்தார். அக்காவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

"ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பார்த்துடலாம் சார்" என்று கம்பிகளைப் பிடுங்கிச் செருகினாள்.

இரண்டு போர்டுகள் காலி. மூன்றாவதைப் படித்த கணினித் திரையில் வரிசை வரிசையாகச் சிடுமூஞ்சி.

"யாரும்மா இது?"

"நான்தான் சார். வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் அக்கா, முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு.

"அப்படியா? நான் என்னைன்னு நெனச்சேன்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் வகை போர்டு, துடைத்ததைத் தற்காலிக நகலில்தான் வைத்திருக்கும். சேமிக்கச் சொன்னால்தான் நிலையான மெமரியில் பதியும். போர்டு அந்த வகையா என்று பார்த்து, அதற்கு மட்டும் சேமிக்கும் கட்டளையைச் சேர்த்தாள். மறுபடி துடைத்தாள். இந்த முறை கம்பியைப் பிடுங்கியவர் சூப்பர்வைசர். செருகினார். காலி.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனதும் தங்கை அக்காவின் தொடையைத் திருகினாள்.

"அவர்தான் பேனாவத் திறந்துட்டாரே, ஏன்க்கா பிடுங்கின?"

"கதவு பழைய நம்பருக்குத் திறந்துச்சுன்னா அந்தப் பெட்டியைக் கட்டினவ யாருடி? நகரு, சீட்டு ஒட்டணும்."