தவிட்டுக்குப் போன பூட்டன்

பாரீசுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரின் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு கூட்டம் கூடுகிறது. முன்னோரைத் தேடுகிறவர்களின் சங்கமாம். உயிரோடிருக்கும் தாயை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு, முந்நூறு வருடத்துக்கு முன் செருப்புத் தைத்தவனைக் கண்டுபிடித்து இங்கே கண்ணீர் விடுவார்கள். நடுவில் பிஸ்கட் வேறு. நானும் போய் உட்கார்ந்தேன். "உங்கள் முன்னோரெல்லாம் எங்கே இருக்கிறார்கள்?" என்றாள் ஒரு மதாம். "எரித்துவிட்டோம்" என்றேன். "அத்தனை பதிவேட்டையுமா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர்: என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா பெயர். அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். மாமனார் பெயரை எங்கள் வீட்டுப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. அதனால் பூட்டன் பெயர் பெரியப்பா சொன்னதுதான். அப்பா கடைசியாகப் போனில், "எங்க தாத்தா பேரு ரங்கநாதன்னு உங்க பெரியப்பா சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்லப்பா. பாத்துச் சொல்லு" என்றார். அவர் இறந்தபோது விசா சிக்கலில் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. திதியில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். கொள்ளிதான் போடவில்லை, அதையாவது பொய்யில்லாமல் செய்ய நினைத்தேன்.

இளவயதில் எங்கள் ஊரான மரக்காணத்துப் பழைய உப்பளக் குத்தகைச் சீட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரங்கநாதன் எங்குமில்லை. எங்கள் குடும்பத்து உப்புப் பாத்திக்குரிய சீட்டுகளிலெல்லாம் 'தவிடன்' என்றிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில், "யாரோ கூலிக்காரன், விடு." பி.ஏ. படித்த திமிர். நம் பாத்தியின் சீட்டில் கூலிக்காரன் பெயர் எதற்கு என்று கேட்க அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். எங்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கூலிக்காரி முனியம்மாவிடம், தவிடன் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"எங்க ஊட்டுப் புள்ள தம்பி! உங்க ஊட்ல மூணு புள்ள பொறந்து பொறந்து செத்துப்போச்சு. நாலாவதா பொறந்த உன் பூட்டனை எங்க ஊட்டுக்கு ஒரு மொறம் தவிட்டுக்கு வித்துட்டாங்க, அதான் தவிடன். எமனை ஏமாத்த ஒரு சாங்கியம். வளந்தது என்னமோ உங்க ஊட்லதான். ஆனா திருப்பி வாங்கலியே? வித்தா வித்ததுதான்."

பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"டேய், உப்புக் கூலி ஊட்டுக்கு வித்த பேரை ஐயரு முன்னாடி சொல்லுவியா? மானம் போவும்டா!"

காலண்டர் சாமி படத்தைப் பார்த்து அவராகவே வைத்த ரங்கநாதன் என்ற பெயரில்தான் அவருடைய மானம் இத்தனை வருடம் குடியிருந்தது. அருவருப்பாக இருந்தது.

திதியன்று கடலில் இறங்கித் தவிடன் என்று உரக்கச் சொன்னேன். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு கரையேறிப் போனார். போகட்டும். அப்பாவுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. பெற்ற வீட்டுக்கு ஒரு கை தண்ணீர், வாங்கிய வீட்டுக்கு ஒரு கை தண்ணீர் விடவேண்டும் என்று ஐயரிடம் கேட்டேன்.

"ரெண்டு ஊட்டுக்கும் சேத்து விட மந்திரம் இல்லீங்களே" என்றார்.

மந்திரம் இல்லாமலே விட்டேன். பூட்டனையாவது பிழைக்கட்டும் என்று விற்றார்கள். நான் நானாகவே கடல் தாண்டிப் போனேன், ஒரு முறம் தவிடு கூட யாருக்கும் கிடைக்கவில்லை. நாளை எனக்குத் தண்ணீர் விடுகிறவன் எந்தக் கரையில் நிற்பான் என்று எனக்குத் தெரியவில்லை.