கோணல் இல்லாத துணி

நெசவுச் சங்கத்தின் பயிற்சி வகுப்பை நடத்துகிறவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். துணியின் ஓரம் ஒரு நூல் உள்ளே போனாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தாறு. அவள் நெய்ததில் குறை காண வந்தவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

அவளுடைய தலைவலி வேறு. வகுப்பில் ஆள் தங்குவதில்லை. மூன்று மாத முடிவில் ஐந்து பேராவது மிஞ்சாவிட்டால் வகுப்பை இழுத்து மூடிவிட்டு, அறையை நூல் கிடங்காக்கிவிடுவோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்.

“மூணு மாசமும் அதே பழைய கரையை நெய்யச் சொன்னா யாருண்ணே வருவாங்க? கரை நம்மளோடதா இருக்கட்டும். நடுவுல அவங்க இஷ்டத்துக்கு நெய்யட்டும்.”

“கண்டவங்க கண்டதை நெய்ஞ்சா சங்கத்தோட பேரு என்ன ஆகும்?”

“ஆளே இல்லாத சங்கத்துக்குப் பேரு எதுக்கு?”

ஒரு மாதம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். எட்டு மேசைத் தறிகளும் நிரம்பின. மருந்துக்கடைக்காரர் மீன் நெய்தார். கல்லூரிப் பெண் மழையை நெய்வேன் என்றாள். ஓய்வுபெற்ற கண்டக்டரம்மா ஒரு பஸ்ஸை ஆரம்பித்தார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாம் மாதம் ஆறு பேரானார்கள். பிறகு ஐந்து. முதலில் வகுப்பை விட்டவர் மருந்துக்கடைக்காரர். அவள் போனைத் திட்டினாள், அண்ணனைத் திட்டினாள், இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமையே கிடையாது என்று மின்விசிறியிடம்கூட முறையிட்டாள். இஷ்டப்படி நெய்யவிட்டும் நிற்காதவர்களை என்னதான் செய்வது? முதல் நாளிலிருந்தே தினமும் நாலரை மணிக்கு எல்லோரும் போனபின் தறி தறியாகப் போய், அன்றைய கோணல்களைப் பிரித்து நேராக நெய்து வைப்பாள். மீனுக்கு வால் திருந்தும். மழை சீராக விழும். பாவம், அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று வெளியே மூச்சு விடமாட்டாள்.

கடைசி வாரத்தின் திங்கட்கிழமை, வகுப்பு முடியும் நேரத்தில் கண்டக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்தார். அன்று நெய்திருந்த நாலு விரல் அகலத் துணியை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்.

“என்னம்மா பண்றீங்க? பஸ் இன்னும் முடியலையே.”

“சக்கரம் நீங்க போட்டது டீச்சர். கதவும் நீங்க போட்டதுதான். நான் கோணலா விட்டுட்டுப் போவேன், மறுநாள் வந்தா வட்டமா இருக்கும். எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தோம். மருந்துக்கடைக்காரரும் அதனாலதான் வராம நின்னாரு. நான் நெய்ஞ்சதுன்னு வீட்ல காட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

“ஓரம் போயிருந்துச்சும்மா. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?”

“உங்களால முடியாது டீச்சர். அதான் நான் கிளம்பறேன்.”

மற்ற நால்வரும் குனிந்த தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தார்கள். நாலரைக்கு அவள் எந்தத் தறியையும் தொடாமல் கதவைப் பூட்டினாள். கை நமநமவென்றது. சாவியைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள்.

“காலையில வகுப்பு ஆரம்பிக்கறப்பதான் இதைக் குடுக்கணும். நானே கேட்டாலும் குடுக்காதே.”

“எத்தனை பேர் இருக்காங்க?”

“நாலு.”

“அப்ப இந்த வாரம் வகுப்பு முடிஞ்சதும் நூல் அடுக்க அலமாரி செய்யற ஆளை வரச் சொல்லிடறேன்” என்று அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவனைத் திட்ட வாயெடுத்தாள். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.