டிலானியின் கலியாணத்துக்கு ஒரு வாழ்த்துப்பா

கூட்டங்களுக்குப் பாட்டுக் கட்டுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், கூலி கிடைக்காது. நடந்ததை வரிசை பிசகாமல் சொல்கிறேன், தோழர்களே, நீங்களும் பட்டவர்கள்தான். யுத்தம் வந்ததும் ஆமிக்காரர் முதலில் கடலுக்குப் போகப் பாஸ் கேட்டார்கள். பிறகு கடலே இல்லை என்றார்கள். பிறகு வீட்டை விட்டு எழுப்பினார்கள். பிறகு முகாமில் முள்ளுக்கம்பிக்குள் வைத்தார்கள். கடைசியில் பழையபடி எங்கள் அரிப்பு ஊரிலேயே கொண்டுவந்து இறக்கி, கூரைக்கென்று ஆளுக்கொரு தறப்பாளைத் தந்து, மீள்குடியேற்றம் என்று சொல்லி எங்களையே கைதட்டச் சொன்னார்கள். நான் தட்டவில்லை.

கேட்டது

பக்கத்து வளவில் செல்வராணி இருக்கிறாள். அவளுடைய புருஷன் அலோசியஸ் மீனவர் சங்கத்தில் என்னோடு கோஷம் போட்டவன். யுத்தத்தில் வன்னிக்குள் ஓடிய சனத்தோடு போனவன், இன்றுவரை தகவல் இல்லை. மகள் டிலானி கருவாடு காயப்போடும்போது கைபேசியில் சினிமாப் பாட்டுப் போடுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆர்மோனியத்தை மூடிவிட்டு வேலியோரம் போனேன். "பிள்ளை, இந்தப் பாட்டில ஏதாவது கொள்கை இருக்கோ?"

அவள் மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "கொள்கை இல்லை மாமா, ஆடலாம்."

பார்த்தது

தலைமன்னாரில் டிலானிக்கு மாப்பிள்ளை சரிவந்தது. மாப்பிள்ளையின் அக்காவுடைய கலியாண வீடியோவைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். செல்வராணியிடம் டீவி இல்லாததால் என் வீட்டில் வந்து பார்த்தார்கள். பாதிரியார் வாயசைக்கிறார், சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறது. நான் வீடியோக்காரனை ஏசிக்கொண்டிருந்தேன்.

செல்வராணி நகையையும் பார்க்கவில்லை, சேலையையும் பார்க்கவில்லை. "அண்ணை, பொம்பிளையின்ர தேப்பனைப் பாருங்கோ. கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறார். டிலானிக்குப் பக்கத்தில இவரும் இப்பிடித்தான் நிப்பார்."

வாசித்தது

கலியாணக் கார்டின் மாதிரி வந்தது. "காலஞ்சென்ற அலோசியஸ்" என்று இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுதிக் கொடுத்தது. கெட்ட மனுஷன் இல்லை. சனத்தின் வாய்க்குப் பயந்தவர். "இவ்வளவு காலமாய் வராத ஆள். கேக்கிறவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். நான் வாய் திறக்குமுன் டிலானி கார்டை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"அப்பாவைச் சாகடிச்சுப்போட்டுத்தான் எனக்குத் தாலி எண்டால், நான் இஞ்ச இருந்து கருவாடே காயப்போடுறன்."

எழுதியது

பெரியப்பா இறங்கி வந்தார், பாதித் தூரம். "காலஞ்சென்ற" போனது, அதோடு தகப்பன் பெயரும் போனது. "செல்வராணியின் மகள்" என்று மட்டும் கார்ட் அடித்தார்கள். தாயும் மகளும் களைத்துப்போய்ச் சம்மதித்தார்கள். வாழ்த்துப்பா மட்டும் என் பொறுப்பு. வேலைநிறுத்தத்துக்கு எழுதியிருக்கிறேன், கைதானவர்களுக்கு எழுதியிருக்கிறேன். கலியாணத்துக்கு எழுதியது அதுதான் முதல்.

மண்டபத்தில் நான் பாட உட்கார்ந்ததும் பெரியப்பா குனிந்து காதுக்குள் சொன்னார்: "தேப்பன்ர பேர் வாற இடத்தில பெட்டியைக் கொஞ்சம் பலமாய் வாசிச்சு விடுங்கோ அண்ணை."

அந்த இடம் வந்தது. ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். செல்வராணி தலை நிமிர்ந்தாள். அவள் எத்தனையோ மனுக் கொடுத்தும் எந்த அரசாங்கக் கந்தோரும் உரத்துச் சொல்லாத பெயரை, கடைசியில் சோற்றுக்குக் காத்திருந்த சனத்தைச் சாட்சி வைத்து ஒரு பாட்டுக்காரன்தான் வாசிக்க வேண்டியிருந்தது: "மணமகளின் தகப்பனார், அரிப்பைச் சேர்ந்த சவிரிமுத்து அலோசியஸ்."