வெர்னெல் மூச்சு விட்ட இடம்

“அந்தக் கமா உன் மூச்சு, தம்பி. என் மூச்சு அங்க இல்ல,” என்று வெடுக்கென்று சொன்னாள் வெர்னெல் டாலிவர்.

பெட்டிக்ரூ பியானோவிலிருந்து கையை எடுத்தான். அட்லாண்டாவில் காலேஜ் படித்துவிட்டு, எங்கள் கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு அந்த வருடம்தான் வாத்தியாராக வந்திருந்தான். பெத்தேல் சபைப் பாடகர் குழுவும் அவன் தலையில் விழுந்தது. மரியாள் தொழுவத்தில் பிள்ளையை ஆட்டுகிற எங்கள் கிறிஸ்துமஸ் பாட்டை நாலு குரலுக்குப் பிரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். நடுவில் ஒருத்தி மட்டும் பாட வேண்டும். அந்த இடத்தை வெர்னெலுக்குக் கொடுத்தோம்.

“கமா போட்ட எடத்துல எல்லாரும் மூச்சு விட்டாத்தான் நாலு குரலும் சேந்து வரும், சிஸ்டர்.”

“நான் ‘புள்ள’ன்னு சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே விட்டுருவேன். இருவத்தஞ்சு வருசமா அப்படித்தான்.”

“வார்த்தைய நடுவுல உடைக்கக் கூடாதும்மா.”

“உடஞ்சதத்தான்யா பாடுறேன்.”

தாளைப் பியானோ மேல் வைத்தாள், தொப்பியை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள்.

அவன் ஊருக்குப் புதிது. அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். வெர்னெல் என் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. வெள்ளைக்காரர் வீட்டுத் துணியை வெளுத்துத் தேய்த்துப் பிழைத்தவள். புருஷன் ரயில் பாதை வேலைக்கென்று புளோரிடா போனவன் திரும்பவில்லை. “நல்லதாப் போச்சு, தொவைக்க ஒரு சட்ட கொறஞ்சுது,” என்பாள். கீழுதட்டில் புகையிலைப் பொடியை அடக்கிக்கொண்டு ஊரையே சிரிக்க வைப்பாள்.

1931இல், கிறிஸ்துமஸ் வாரத்தில், அவளுடைய நாலு மாதப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனது. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்கு நாங்கள் விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்போம். யாருக்குப் பாட்டு வருகிறதோ அவர்கள் எடுப்பார்கள். அன்று வெர்னெல் எடுத்தாள். ‘பிள்ளை’ என்ற சொல்லில் பாதியில் நின்றாள். மூச்சை இழுத்தாள். மீதியைச் சொல்லாமல் வாயை மூடி முனகினாள். இறங்கி இறங்கிப் போன அந்த முனகலைச் சபை மொத்தமும் முனகித் தாங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அவள்தான் எடுப்பாள். மற்றவர்கள் காத்திருப்போம்.

அவள் போனதும் பெட்டிக்ரூ கேட்டான்: “இங்க மியூசிக் நோட்டு படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?”

நான் கையைத் தூக்கினேன்.

நோட்டு என்ன, எனக்கு எழுத்தே தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருக்கல் குறிதான் போடுவேன். பாட்டுத்தாளைப் பக்கத்தில் நிற்பவள் திருப்பினால் நானும் திருப்புவேன். வெர்னெலுக்கும் எழுத்துத் தெரியாது. அவள் அதை மறைத்ததில்லை; கமா எது என்றுகூட அவன்தான் தொட்டுக் காட்டியிருந்தான். எனக்கு ஒரே ஒருமுறை சபை என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்த இடம் வந்ததும் தாளைப் பிடித்துக்கொண்டு வெர்னெல் போலவே பாடினேன். பாதிச் சொல்லில் நின்றேன், முனகினேன். பெட்டிக்ரூ எழுந்தே விட்டான்.

“இது நான் எழுதலியே. எங்க கத்துக்கிட்டீங்க, சிஸ்டர் க்ரம்?”

“எங்க வீட்டுல பாடுறதுதான்,” என்றேன்.

என்னைச் சுற்றிப் பதினாலு பெண்கள் நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. வந்த வாத்தியார் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயம். அவன் பென்சிலை எடுத்து முனகலை அப்படியே எழுதிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் விடியலில் வெர்னெல் எடுத்தபோது பெட்டிக்ரூ வந்திருக்கவில்லை. பகல் ஆராதனையில் நான் பாடினேன். சபை என்னைப் பார்க்கவில்லை. வெர்னெல் உட்கார்ந்திருந்த பெஞ்சைத்தான் பார்த்தது.

மறுவருடம் அந்தப் பாட்டு அச்சாகி மேக்கன் நகரத்துக் கடைக்கு வந்தது. யார் பாடக் கேட்டு எழுதியது என்று அட்டையில் பெயர் போட்டிருப்பதாகப் பேச்சு. வெர்னெல் பஸ் ஏறிப் போய் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்தாள்.

“நீதான் நோட்டே படிக்கிறவளாச்சே. எம் பேரு எங்க இருக்குன்னு காட்டுடி.”

எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. தெரியாது என்று சொன்னால் போன வருடப் பொய் வெளியே வரும். ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

“இதோ. வெர்னெல் டாலிவர்.”

“ரெண்டுமா போட்டிருக்கான்? டாலிவரும்?”

“ரெண்டும்தான்.”

அந்த வரியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “பெட்டிக்ரூ நல்ல பயதான். நான்தான் அன்னிக்குக் கத்திட்டேன்,” என்றாள். அடுப்பில் இருந்த சோளரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றபடியே போனாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் தாளைப் பாஸ்டரம்மாவிடம் நீட்டினாள். “எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்கம்மா.”

பாஸ்டரம்மா மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, விகல்பமில்லாமல் படித்தாள். “பெத்தேல் சபையின் சகோதரி ஒசெல்லா க்ரம் பாடக் கேட்டு எழுதியது.”

சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“இன்னொரு தடவ படிங்க,” என்றாள் வெர்னெல். பாஸ்டரம்மா படித்தாள், இந்த முறை மெதுவாக.

வெர்னெல் தாளை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“உனக்கும் தெரியாதாடி?” என்று என் காதுக்கு மட்டும் கேட்டாள்.

நான் தலையைக் குனிந்தேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா போயி யாரையாவது கேட்டிருப்போம்ல.”

தாளை என் மடியில் வைத்தாள். “வச்சுக்க. உன் பேருதான் போட்டிருக்கு.”

அதற்கப்புறமும் வேலிக்கு மேலே உப்பும் முட்டையும் கொடுத்து வாங்கினோம். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் விடியலில் அவள் எடுக்கவில்லை, எந்தக் கிறிஸ்துமஸிலும் எடுக்கவில்லை. இருட்டில் வெகுநேரம் காத்திருந்தோம். கடைசியில் யாரோ விளக்கைப் போட்டார்கள், தாளைப் பார்த்துப் பாடினோம்.

ஓட்டுப் போடப் பேர் பதிய வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று சபையில் வகுப்பு வைத்தபோதுதான் நான் எழுத்துக் கற்றேன். அதற்குள் வெர்னெலைப் புதைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் கூட்டிப் படித்தது அந்த அட்டையைத்தான். என் பெயர் இருந்தது. நான் அன்று விரல் வைத்த வரி அதுகூட இல்லை. அது கடைக்காரன் பென்சிலில் எண் போடாமல் எழுத்தாலேயே எழுதிய விலை, இருபத்தைந்து சென்ட்.