வேப்பிலைக்குள் ஒரு சிவப்பு விளக்கு

வேப்பிலைக் கொத்துக்குப் பின்னால் எரிந்த அந்தச் சின்னச் சிவப்பு விளக்கை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. மீன் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அது. பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைத் தொட்டியில், அம்மா செருகி வைத்த வேப்பிலைக்கு நடுவே அதை ஒளித்து வைத்தவர் என் நங்கையா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அண்ணன் போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போகிறவர். போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். கல்யாணமான புதிதில் கிளம்பும்போது, "உனக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்று ஓர் ஆஸ்கர் மீனை வாங்கி வைத்துவிட்டுப் போனார். கறுத்த உடம்பில் நெருப்புத் தீற்றல் போட்ட மீன். ஆள் முகம் தெரிந்து கண்ணாடிக்கு வரும், கையிலிருந்து வாங்கித் தின்னும். நங்கையாவுக்கு அது துணையானதோ இல்லையோ, அண்ணனுக்கு வசதியாகிவிட்டது. போனில் மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டால் பெண்டாட்டியையும் விசாரித்ததாகக் கணக்கு.

நங்கையா பிறந்த ஊர் நாமகிரிப்பேட்டை. அவர் பி.எட். முடித்தவர். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பொங்கல் கழித்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஊருக்கு வரும்வரை அங்கேயே தங்கிப் போய்வரலாம் என்பது அவருடைய ஆசை. "அம்மா செரீன்னா செரி" என்று அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துணி அடுக்கிய பெட்டி கட்டிலடியில் காத்துக் கிடந்தது.

அந்த மார்கழிக் கடைசியில் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, அடியில் கிடந்த கல்லில் போய்ப் போய் உரசியது. நங்கையா செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வால் முழுக்க ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அவருக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துருக்கறா. இன்னைக்கிருந்து ஊட்டுல தாளிக்கப்படாது. ஆரும் படி தாண்டப்படாது."

"மீனுக்கா அம்மை?" என்று நான் சிரித்துவிட்டேன்.

"வாயக் கழுவு புள்ள. எல்லாம் உசுருதான்."

அம்மா நடிக்கிறார் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் மனதார நம்பினார். தொட்டியைச் சுற்றி வேப்பிலை செருகினார். உறவினர் யாரும் வரவேண்டாம் என்று போனில் சொன்னார். அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, உடம்பைக் குளிர்விக்க வேண்டும் என்பதால், பானைத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் காலையும் மாலையும் தொட்டியில் ஊற்றினார். ஏற்கெனவே குளிரால் துவண்டிருந்த மீன் இன்னும் துவண்டது. நான் மட்டும் ஈரோட்டு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதப் போய்வந்தேன். திரும்பி வந்ததும் குளித்துவிட்டால் போதுமாம். மகளுக்கு ஒரு சோப்பில் கழிந்த தீட்டு மருமகளுக்குக் கழியவில்லை.

தொட்டி மீனையும் நங்கையாவையும் ஒன்றாக வைத்து எழுதுவது சுலபம். ஆனால் மீனுக்கு நாலு பக்கமும் கண்ணாடி, நாலு பக்கமும் ஏதாவது தெரியும். எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருந்தது விசைத்தறிக் கொட்டகையின் சுவர். நாள் முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு நடுவே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். "வந்துர்றேனுங்க, ஊட்டுல ஒடம்பு செரியில்லீங்க" என்பார் நங்கையா. யாருக்கு என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று எனக்குப் பதறும்.

"இது அம்மையில்ல சாமி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி" என்று என்னிடம் சொன்னார். போனில் தேடித் தேடிப் படித்திருந்தார். "முத்துனதும் கீழ விழுந்து, அடியில கெடந்து பெருகி, மறுபடி மேல ஏறுது. தண்ணி சூடா இருக்கோணும், உப்புப் போடோணும், அடித்தண்ணிய மாத்தோணும். மீனு நல்லானாத்தான் நான் ஊரு போக முடியும்."

உப்புக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. "மாரியம்மன் கோயில்ல உப்பும் மொளகும் போடறமுங்களே அத்தை, இங்கயும் கொஞ்சம் உப்புப் போடலாமுங்களா?" என்று கேட்டார். அம்மாவே ஒரு கிண்ணம் கல்லுப்பை எடுத்துக் கொடுத்தார், நல்லவேளை மிளகை மறந்துவிட்டார். ஹீட்டர்தான் சிக்கல். அம்மை கண்ட உடம்புக்குச் சூடு காட்டுவதா? நான் ஈரோட்டில் வாங்கி வந்து கொடுத்தேன். நங்கையா அதை இலைகளுக்குள் மறைத்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து கொத்தைச் சரிசெய்வார். மருமகளுக்கு இவ்வளவு பக்தியா என்று அம்மா நெகிழ்ந்து போனார். பானைத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் நம்பி அவரிடமே விட்டார். அதன் பிறகு தொட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீர்தான் போனது.

புள்ளிகள் மறைந்தன. மறைந்த பிறகும் நங்கையா விடவில்லை, அடியில் மிச்சம் இருக்கும் என்று ஹீட்டரைத் தொடர்ந்து எரியவிட்டார். மீன் ஒருநாள் மேலே எழும்பி வந்து அவர் விரலிலிருந்து தீனியைப் பிடுங்கியது. சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். ஒற்றைப்படை நாள் பார்த்து, அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றும் வேப்பிலைத் தண்ணீரை அம்மா தொட்டிக் கண்ணாடியில் தெளித்தார். நங்கையா பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார்.

அம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உன்ற கைக்குத்தான் ஆத்தா எறங்குனா சாமி. நாங் குடுத்தா இது திங்கறதேயில்ல. நீ போயிட்டீன்னா இத ஆரு பாக்கறது?"

அதுவரை மருமகளை அம்மா சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் இரண்டு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுகிற நங்கையா, பெட்டியைக் காலால் கட்டிலடிக்கே தள்ளினார். திட்டினால் எதிர்த்துப் பேசலாம், இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? போனில் அண்ணன், "அம்மா சொல்றதும் செரிதானே?" என்றார். பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு எல்லார் மேலும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, பாவம், அந்த மீன் மேலும்தான்.

இப்போது நான் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டு, வாய்த்தபோது பாலத்தைத் தாண்டி வந்துபோகிறேன். அண்ணன் இன்னும் லாரியோடுதான். போனவாரம் போயிருந்தபோது மீன் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகியிருந்தது. நங்கையா தீனியை நீட்டினார். அது துள்ளி வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று கண்ணாடியோரம் நின்றது. இது எத்தனை வருடம் இருக்கும் என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன்.

"நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருசத்துக்கு மேலயே இருக்குமாம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லாத்தானே சாமி பாத்துக்கறேன்?" என்று என்னைப் பார்த்தார்.

தொட்டியில் இப்போது வேப்பிலை இல்லை. சிவப்பு விளக்கு எல்லாருக்கும் தெரியும்படி எரிந்துகொண்டிருந்தது. அம்மைதான் இறங்கிவிட்டதே, இனி மீனுக்குக் குளிரக் கூடாது என்று அது அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதே அம்மாதான்.