மேபல் டீச்சர் பார்த்த வண்டி

செய்தி வாட்ஸப்பில் வந்தது. எங்கள் பழைய கார் சங்கத்தின் குழுவில், காலை ஆறரை மணிக்கு, சங்கத் தலைவர் போட்டிருந்தார்: "நம் சங்கத்தின் அன்புச் சகோதரி மேபல் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்த அன்புச் சகோதரியைக் குழுவிலிருந்து நான்கு வருடங்களுக்கு முன் நீக்கியதும் இதே தலைவர்தான். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு செய்தியை மறுபடி வாசித்தேன்.

மேபலை மூன்றே மாதத்தில் கொண்டுபோனது புற்றுநோய். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் அவரைத் தெரிந்த எங்கள்மேல். அதனால் அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறையில் பத்தொன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நெய்யூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். சங்கத்தில் இருந்த ஒரே பெண் அவர். சொந்தமாகப் பழைய கார் வைத்திராத ஒரே உறுப்பினரும் அவர்தான். ஆனால் கார் வாங்கப் போகும் எவரும் முதலில் கூட்டிப்போவது அவரைத்தான்.

ஐம்பத்தேழு வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. மேல்கூரையை மடக்கிவிடலாம், இரண்டே பேர் உட்காரலாம், அப்படி ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பெயர் வேண்டாம், சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று எங்கள் தலைவரிடம் இருந்த அறுபத்து நான்காம் வருட மாடல். மற்றொன்று திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் இருந்த எழுபத்தொன்றாம் வருட மாடல். என் மனம் அறுபத்து நான்கில்தான் கிடந்தது. மெல்லிய கதவுக் கைப்பிடி, கம்பி வைத்த பெரிய ஸ்டியரிங், பளபளக்கும் முகப்பு. எழுபத்தொன்றின் முகப்பு கறுத்து, களை இழந்திருந்தது.

மேபல் இரண்டையும் பார்த்தார். சேலையைச் செருகிக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு பார்த்தார்.

"அறுபத்து நாலுல நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே வழியாக்கும். அது எங்க பொட்டினாலும் நாலும் போச்சு. எழுபத்தொண்ணுல ரெண்டு தனி வழி. அழகு பாத்து வாங்குங்க சாரே, வேண்டாம்னு சொல்லல. பிரேக் பிடிக்கப்ப அழகு வந்து வண்டிய நிறுத்தாது."

அதோடு அவர் நிறுத்தவில்லை. தலைவரின் வண்டியில் கதவுக்குக் கீழே கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தார். தகரத்தில் ஒட்ட வேண்டிய காந்தம் நழுவி விழுந்தது. பெயின்டுக்கு அடியில் இருந்தது தகரமில்லை, பூசி மெழுகிய பட்டி மாவு. பின்னால் போய் பெட்ரோல் டேங்கைப் பார்த்தார். அந்த வருடத்தில் டேங்கைப் பட்டையால் கட்டியிருப்பார்களாம். இதில் போல்ட் போட்டு மாட்டியிருந்தது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "முன்பாதி அறுபத்து நாலு. பின்பாதி எழுபதுக்குப் பொறவு உள்ளது. சீட்டுக்கு அடியில வச்சு ஒட்டிச் சேத்திருக்கு. இது ரெண்டு வண்டியாக்கும் சாரே."

நான் எழுபத்தொன்றை வாங்கினேன். இன்றும் ஓட்டுகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மேபல் எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் அதையே சொன்னார். அந்த வண்டியை அறுபத்து நான்கு என்று சொல்லி யாருக்கும் விற்கக் கூடாது, விற்றால் உயிர் போகும் என்றார். தலைவர் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, "டீச்சரே, அந்தக் காந்தத்த வீட்டுல இட்லிச் சட்டியில ஒட்டுதான்னு பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வண்டியைக் குளச்சலைச் சேர்ந்த அந்தோணி வாங்கினார். பதினாறு வருடம் குவைத்தில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வருடத்தைப் பற்றி அவர் கேட்டபோது தலைவர் ஒரே ஒரு வரி சொன்னாராம்: "இது மேபல் டீச்சர் பாத்த வண்டி." அதில் பொய் ஏது? பார்த்தது உண்மைதானே. இப்படி ஒரு உண்மையைச் சொல்ல எவ்வளவு கயமை வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

இரண்டாம் மாதம், கீரிப்பாறை மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில் எஸ்டேட் பஸ் எதிரே வந்தது. அந்தோணி பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். ஓரக் கல்லில் இடித்ததும் வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டாகப் பிளந்தது. அவர் மனைவி பிலோமினாவுக்குக் கை முறிந்தது. அந்தோணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அது திரும்பவே இல்லை.

மேபல் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு நேராகத் துறை அறைக்கு வந்தார். "எனக்க பேரச் சொல்லி வித்திருக்கான் சாரே" என்றார். அதற்கு முன் அவர் யாரையும் அவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மதியமே போலீசில் வாக்குமூலம் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் சங்கத்திலிருந்து போலீசுக்கு ஒரு கடிதம் தயாரானது. அந்த வண்டியில் குறை இருப்பதாக மேபல் டீச்சர் கூட்டத்தில் எதுவும் சொல்லவில்லை, தலைவர்மேல் உள்ள பகையால் இப்போது சொல்கிறார் என்று. தலைவரோடு சேர்த்துப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது ஏழாவது. தலைவர் எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவிலும் இருந்தார். எனக்குப் பணி நீட்டிப்பு தேவைப்பட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்ததாக நான்கு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. மேபலை நூலகத்துக்கு மாற்றினார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் பழுது என்று சொல்லும் பெண், கடைசி இரண்டு வருடம் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மதியம் நான் அந்த வழியாகப் போனால், "சாப்பிட்டியளா சாரே?" என்று கேட்பார். குத்தல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். அதைத் தாங்க முடியாமல் நான் வேறு படிக்கட்டில் ஏறிப் போகத் தொடங்கினேன்.

அடக்கத்தன்று ஆலயத்தில் தலைவர் இரங்கல் பேசினார். மேபலின் நேர்மை, மேபலின் தொழிலறிவு, சங்கத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. எழுதி வைத்து வாசித்தார். நாங்கள் பத்துப் பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். அவர் தாளை மடித்தபோது, பின்வரிசையில் அந்தோணியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த பிலோமினா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர நீங்க பொய்க்காரின்னு எழுதிக் குடுத்திய. இப்பம் நேர்மைன்னு வாசிக்கிய. அவங்க பெட்டிக்க பக்கத்துல நின்னு பேசாண்டாம். எறங்குங்க."

தலைவர் போதகரைப் பார்த்தார். போதகர் அசையவில்லை. தலைவர் இறங்கினார். நான்கு வருடத்தில் அந்த மனிதர் ஒருவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததை அன்றுதான் பார்த்தேன். சொன்னது எங்களில் ஒருவர் இல்லை.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு மேபலை வீட்டில் போய்ப் பார்த்தேன். கை மெலிந்து வளையல் முழங்கைவரை ஏறியிருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து நான்கு பக்கத் தாளை எடுத்துத் தந்தார். அன்றைய கூட்டத்தில் நடந்தவற்றை அவரே கையால் எழுதியிருந்தார்.

"அந்தக் கடிதத்த வாசிக்காமதான் ஒப்பு போட்டியன்னு எனக்குத் தெரியும். இத வாசிச்சிட்டுப் போடுங்க."

அவர் தவறாக நினைத்திருந்தார். அந்தக் கடிதத்தை நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. வீட்டில் போய் நிதானமாக வாசிக்கிறேன் என்றேன். "செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கையெழுத்துப் போட்டு, நாகர்கோவிலில் அந்தோணியின் வழக்கை நடத்தும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். கூண்டில் ஏறிச் சொல்லவும் சம்மதித்திருக்கிறேன். அதற்காக என்னை யாரும் பாராட்ட வேண்டாம். அவர் கண் திறந்திருந்தபோது செய்யாததை இப்போது செய்கிறேன்.

தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர்களை அவர் வரிசையாக எழுதியிருக்கிறார். நண்பர்களே, உங்கள் பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே "கேட்டார்" என்று எழுதியிருக்கிறார். என் பெயருக்கு எதிரே மட்டும் அது இல்லை. "இவருக்கு முன்பே தெரியும்" என்று இருக்கிறது. மேபலிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வரி.